செகண்ட் ஹேண்ட் டஸ்டர் ஏடபிள்யூடி (நாலு வீலும் இழுக்கற கார்) வாங்கப் போனப்ப நடந்தது, உங்க அனுபவத்தையும் போடுங்க

கொல்லிமலை மருமகன்:

மாமனார் வீடு கொல்லிமலைல, சோளக்காடு தாண்டி உள்ள. காரவள்ளில இருந்து மேல 70 கொண்டை ஊசி வளைவு, அது ஒரு விஷயமே இல்ல, நல்ல ரோடு, என் பழைய சின்ன கார்லயே பத்து வருஷமா ஏறிட்டுதான் இருந்தேன். கடைசி ஒன்றரை கிலோமீட்டர் செம்மண்ணு இருக்கு பாருங்க, ஐப்பசி மழைல அங்க முன்வீலு சும்மா சுத்தும், வண்டி பின்னாடி வழுக்கும், அப்பறம் மச்சான் ரெண்டு ஆளக் கூட்டிட்டு வந்து தள்ளணும். ஒரே வருஷத்துல மூணு தடவ தள்ளுனாரு, மூணாவது தடவ வாயத் தொறக்கல, மூஞ்சியே பேசிருச்சு.

கையில 7 லட்சம். நானு, வீட்டுக்காரம்மா, ரெண்டு பசங்க, எங்களோட சேலத்துல இருக்கற மாமியாரு, அவங்களுக்கு ரெண்டு முட்டியும் போச்சு. தார் பாத்தேன் (ரோடு இல்லைங்க, வண்டி), மூணு கதவு மாடல்ல பின் சீட்டுக்குப் போக முன் சீட்ட மடக்கி ஏறணும், மாமியாரு ஏறுன மாதிரிதான். ஜிம்னி எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனா நாலு பேருதான், பின் சீட்டு நிமிந்திருந்தா டிக்கி 208 லிட்டரு, ஒரு பலாப்பழத்தோட கதை முடிஞ்சுது, அதோட பட்ஜெட்டும் இடிக்குது. கடைசில வந்து நின்னது ரெனோ டஸ்டர் ஏடபிள்யூடி. 2014ல வந்தது, நம்ம ஒரகடத்துல செஞ்ச வண்டி, 1.5 டீசலு, ஆறு கியரு மேனுவல். 2020 ஏப்ரல்ல பிஎஸ்6 புகை விதி வந்ததோட டீசலையே நிறுத்திட்டாங்க, அதனால பழசுதான் தேடணும்.

மொதல்ல ஒரு புரோக்கர் காட்டுன வண்டி. டிக்கில ஏடபிள்யூடினு எழுத்து பளபளன்னு இருக்கு. உள்ள பாத்தா 2டபிள்யூடி (முன்வீலு மட்டும்), ஆட்டோ (தேவைப்பட்டா பின்வீலும்), லாக் (எப்பவும் நாலு வீலும்)னு திருப்புற திருகைக் காணோம். கேட்டா "அது ஆட்டோமேட்டிக் சார், திருகே தேவையில்ல"ங்கறான். நான் துண்ட விரிச்சு படுத்து செல்போன் டார்ச் அடிச்சுப் பாத்தேன், பின்வீலுக்கு இழுவையக் கொண்டுபோற ஷாஃப்ட்டும் இல்ல, அத ரெண்டு வீலுக்கும் பிரிக்கற டிஃபரென்ஷியலும் இல்ல, குறுக்க ஒரு பீம் மட்டும், ஸ்டெப்னி கீழ தொங்குது. நிஜ ஏடபிள்யூடில ஸ்டெப்னி டிக்கிக்குள்ள இருக்கும், அதனாலதான் டிக்கி 475 லிட்டர்ல இருந்து 410க்கு கொறையும். அந்த எழுத்து தனியா கடைல கிடைக்குதுபோல. எந்திரிச்சு துண்ட உதறிட்டு வந்துட்டேன்.

ரெண்டாவது ஈரோட்டுல, 2016 மாடல், 92,000 ஓடுனது. என்ஜின் சுத்தம், ஆனா முன்னாடி ரெண்டு டயரு புத்தம் புதுசு, பின்னாடி ரெண்டும் வேற கம்பெனி, மொட்டை. டூவீல் டிரைவுன்னா பரவால்லன்னு விட்டுருப்பேன். இதுல முன்வீலும் பின்வீலும் சுத்துற வித்தியாசத்த வெச்சுதான் நடுவுல இருக்கற கப்ளிங் (பின்வீலுக்கு இழுவைய சேத்து விடுற பாகம்) பிடிக்கும். மொட்டை டயரு சுத்தளவு கம்மி, ஒரே தூரத்துக்கு ரெண்டு சுத்து கூட சுத்தும், வண்டி என்னமோ வழுக்குதுனு நெனச்சு கப்ளிங் சூடாகிட்டே கெடக்கும். ஓனர்கிட்ட இதச் சொல்லி நாலு டயரு காச கொறைச்சுட்டேன். அப்பறம் மண்ணு மைதானத்துல லாக் போட்டு ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சு மெதுவா ஒரு வட்டம், வண்டி பிடிச்சு இழுக்குது, 2டபிள்யூடிக்கு மாத்துனதும் விட்டுருச்சு. சரி, கப்ளிங் உயிரோட இருக்கு. (தார் ரோட்டுல இந்த வேலையப் பண்ணாதீங்க.)

பெரிய டெஸ்ட்டு மாமியாருதான். மூணு தடவ ஏறி எறங்கச் சொன்னேன். "குனியவும் வேணாம், எக்கவும் வேணாம் மாப்ள, ஸ்டூல்ல உக்கார்ற மாதிரி இருக்கு"ன்னாங்க. அட்வான்ஸ் குடுத்துட்டேன்.

ஓட்டத்துல சொல்லணும்னா ஃபர்ஸ்ட் கியர் ரொம்ப சின்னது, 1000 ஆர்பிஎம்ல மணிக்கு 6 கிலோமீட்டர்கூட போகாது. சமதளத்துல நான் ரெண்டுலயேதான் எடுக்கறேன், ஆனா ஏத்தத்துல அதுதான் சாமி. லோ ரேஞ்ச் (ரொம்ப மெதுவா, பலமா ஏறறதுக்கான தனி கியரு) கெடையாது, பாறை ஏர்றவங்க இந்தப் பக்கமே வராதீங்க. இந்த ஐப்பசில லாக் போட்டு அந்தச் செம்மண்ல ஏறுனேன், வளைவுல மச்சான் ரெண்டு ஆளோட ரெடியா நிக்கறாரு, நாங்க கைய ஆட்டிட்டு நிக்காம போய்ட்டோம்.

கூடலூர் டீத்தூள்:

மருமகனே, ரொம்ப ஆடாதீங்க 😄 என்கிட்டயும் ஒரு ஃபோர்வீல், பேரு சொல்லல. வாங்குன மொத மாசம் அதே தெனாவெட்டுல தோட்டத்துக்குள்ள சேத்துல எறக்குனேன், ரோட்டு டயரு, ஒரு நிமிஷத்துல டயரு வரிப்பள்ளத்துல மண்ணு அப்பி நாலும் வடை மாதிரி வழவழன்னு ஆயிருச்சு. நாலு வீலும் சேந்து ஜோரா குழி தோண்டுச்சு. டிராக்டர்காரன் 2000 வாங்கிட்டு அட்வைஸும் இலவசமா குடுத்தான்.

பாண்டி டு கிரெனோபிள்:

இங்க பிரான்ஸ்ல அதே டஸ்டர் டாசியா பேர்ல ஓடுது, என்கிட்ட 4x4 இருக்கு, பனில ஷாம்ரூஸ் மலைக்கு பசங்கள கூட்டிட்டுப் போவேன். ஏர்றதுக்கு நாலு வீலும் உதவும், பிரேக் போட்டு நிக்கறதுக்கு உதவாதுண்ணே. 2021ல இருந்து நவம்பர் 1 தொடங்கி மார்ச் கடைசி வரைக்கும் மலைப் பக்கம் குளிர்கால டயரோ சங்கிலியோ கட்டாயம்னு சட்டமே இருக்கு. நாலு வீல் சங்கதி அப்பறம், மொதல்ல டயரத்தான் பாக்கறாங்க.

கொல்லிமலை மருமகன்:

டீத்தூள் அண்ணே, நாங்க கைய ஆட்டுன கதைல ஒண்ணு விட்டுட்டேன். திரும்பி எறங்கும்போது டிக்கில ரெண்டு பலா, ஒரு மூட்ட மிளகு, மூணாவது பலா சின்னவன் காலடில. மச்சான் நாலாவத தூக்கிட்டு வந்து நிக்கறாரு, வெக்க எடமில்ல. "இதுக்கு பழைய வண்டியே தேவல"ன்னுட்டுப் போய்ட்டாரு.