சைனசைட்டிஸ்: புரையழற்சியா, காற்றறை அழற்சியா?

> சைனஸ் = புரை. சைனசைட்டிஸ் = புரையழற்சி. சுருக்கமாக இருக்கிறதே?

ஐயா, வணக்கம்.

சுருக்கம்தான். ஆனால் புரையோடிய புண் என்று கேட்டுப் பழகிய காதுக்குப் புரை என்றதும் சீழ்தான் நினைவுக்கு வரும். கன்னத்தில், நெற்றியில், கண்களுக்கு நடுவில், மூக்குக்குப் பின்னால் ஆழத்தில் என நான்கு இணைகளாக உள்ள சைனஸ் அறைகளில் சாதாரணமாக இருப்பது காற்றுதான். சளி பிடித்தால் உட்சவ்வு வீங்கி, மூக்குக்குள் திறக்கும் சிறு வாய் அடைபடுகிறது, சுரக்கும் நீர் தேங்குகிறது. கன்னத்து அறைக்கு அந்த வாய் மேற்பக்கம் வேறு. நிமிர்ந்து நின்றால் தானாக வடியாது. பாட்டிமார் ‘தலையில நீர் கோத்திருக்கு’ என்பது இதைத்தான். சித்த மருத்துவத்தில் நெற்றியில் குழைத்துப் போடும் நீர்க்கோவை மாத்திரைக்கும் பெயர் அப்படி வந்ததுதானே.

இதெல்லாம் அழற்சி. ஒவ்வாமையால் வரலாம், பெரும்பாலும் வைரசால் வருகிறது. பாக்டீரியா சேர்வது குறைவு. 10 நாள் ஆகியும் தணியாவிட்டாலோ, தணிந்து வந்தது மறுபடி முற்றினாலோதான் மருத்துவர்கள் அதைச் சந்தேகிப்பார்கள். பெயரிலேயே சீழை நுழைத்துவிட்டால் மூன்றாம் நாளே ஆன்டிபயாட்டிக் கேட்டு மருந்துக்கடைக்குப் போய்விடுவார்கள்.

ஆகவே என் வாக்கு: காற்றறை, காற்றறை அழற்சி. பாக்டீரியா என்று உறுதியானால் மட்டும் ‘காற்றறைப் பாக்டீரியாத் தொற்று’. மூளையில் இரத்தம் ஓடும் சைனஸ்களோடும் குழப்பம் வராது. லத்தீனில் சைனஸ் என்றால் வளைவு, மடிப்பு, குடா. அதனால் குடா என்று எழுதலாம் என்பீர்கள். எனக்கென்னவோ வங்காள விரிகுடா நெற்றிக்குள் புகுந்தது போல இருக்கிறது.

---

> என் வாக்கு: காற்றறை

தம்பி, காரணம் சரி, புரையை விட்டுவிடுகிறேன். ஆனால் நுரையீரலுக்குள்ளும் காற்றறைகள் உண்டே? ‘மூக்கறை’ என்று சுருக்கவும் வழியில்லை, மூக்கறுபட்டவனுக்குத்தான் அந்தப் பெயர்! முதல்முறை ‘மூக்கருகுக் காற்றறை’ என்று முழுதாக எழுதி, பிறகு காற்றறை என்று விடலாம். பேச்சில் ‘எனக்கு சைனஸ் இருக்கு’ என்பதை நாம் மாற்றப் போவதில்லை, சைனஸ் இல்லாதவர் யார் என்று கேட்டாலும்.

இன்னொன்று. மூக்கின் சவ்வும் இந்த அறைகளின் சவ்வும் ஒரே தொடர்ச்சி என்பதால் மருத்துவர்கள் இப்போது ‘ரைனோசைனசைட்டிஸ்’ என்றே எழுதுகிறார்கள். அதற்கு ‘மூக்கு-காற்றறை அழற்சி’ என்று போடலாமா, இல்லை நடுவில் அந்தக் கோடு இல்லாமல் ஏதாவது தேறுமா?