காட்டுப் பாதைக்கு எந்த வொக்கி டொக்கி?

மட்டக்களப்பிலிருந்து ஜீப்புகளில் குடும்பிமலைப் பக்கமும் பாணமை தாண்டிக் குமணைப் பக்கமும் போய்வருகிற குழு நாங்கள். காட்டுக்குள் முதல் வாகனமும் கடைசி வாகனமும் பேசிக்கொள்ள முடியவில்லை. போன் சிக்னலை நம்பவே முடியாது.

கையில் இருப்பவை 5 வாட் யு.எச்.எப். (அதிக அதிர்வெண் ரேடியோ அலை) வொக்கி டொக்கிகள், ரப்பர் அன்டெனா. கிரான் வயல்வெளியில் தெளிவாகக் கேட்கும். மரம் அடர்ந்ததும் ஒரு கிலோமீட்டருக்குள்ளேயே கரகரப்பு, பாதிச் சொல்தான் வரும். கருவியை ஜன்னலுக்கு வெளியே நீட்டினால் குரல் திரும்பும். உள்ளே எடுத்தால் போய்விடும். மணலில் ஒரு வாகனம் புதைந்தால் முன்னால் போனவர்களுக்கு எப்படிச் சொல்வது? அந்தப் பயம்தான் பெரிது.

சனல் மாற்றினோம், நீளமான அன்டெனா போட்டோம், ஸ்குவெல்ச்சை (இரைச்சலை அடக்கும் அமைப்பை) குறைத்தோம், புது பற்றரியும் போட்டாயிற்று. பெரிய வித்தியாசம் இல்லை.

புதுக் கருவி என்றால் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் மறுபடி அனுமதி எடுக்க வேண்டும். அதனால் சரியானதை ஒரேயடியாக வாங்கிவிட நினைக்கிறோம்.

இந்தப் பக்கக் காடுகளில் பாவித்தவர்கள் சொல்லுங்கள்: வாகனத்தில் பொருத்தும் 25 வாட் வி.எச்.எப். (யு.எச்.எப்.பைவிடக் குறைந்த அதிர்வெண்) செட்டுக்கே போவதா, இல்லை இருக்கிற கருவிக்குக் கூரையில் காந்த அன்டெனா வைத்தால் போதுமா?