நெருக்கடி வேளையில் ஒரு வசனத்தை மட்டும் பிடித்துக்கொள்வது சரியா?

தாபோர்:
ஒருவருக்கு வேலை போனாலும், அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டாலும், உறவினர்கள் முதலில் அனுப்புவது பைபிளின் எரேமியா 29:11. "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற அந்த வசனம், மன்னன் நேபுகாத்நேச்சார் சிறைபிடித்துப் பாபிலோனுக்குக் கொண்டுபோன யூத மக்களுக்குத் தீர்க்கதரிசி எரேமியா எழுதிய கடிதத்தில் இருக்கிறது. அதற்கு முந்தைய வசனத்தில் 70 ஆண்டுகள் என்று சொல்லப்பட்டிருப்பதால், கடிதத்தைப் பெற்றவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பாமலே இறக்க வேண்டியவர்கள் என்பது தெளிவு. இரண்டே ஆண்டுகளில் எல்லாம் சரியாகிவிடும் என்று அறிவித்த அனனியாவை 28-ஆம் அதிகாரம் பொய்த் தீர்க்கதரிசி என்கிறது. நாமோ எரேமியாவின் வசனத்தை எடுத்து, அனனியாவின் செய்தியாக்கி அனுப்புகிறோம். வேதத்தைக் கண்மூடித் திறந்து விரல் பட்ட வரியைத் தேவசெய்தி என்று கொள்வது இதைவிட மோசம். அது குறி கேட்பதுதான். இன்றைய பிரான்சில் உள்ள ஆக்ட் நகரில் 506-இல் கூடிய ஆயர்கள் அதைத் தடை செய்தது நியாயமே.

எம்மாவூர் வழிப்போக்கன்:
சகோதரரே, தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்பவரிடம் விளக்கவுரை படித்துவிட்டு வரச் சொல்வீர்களா? 386-இல் மிலான் நகரத் தோட்டமொன்றில், பின்னாளில் ஆயரான அகுஸ்தீன் ரோமர் நிருபத்தைத் திறந்து, முதலில் கண்ணில் பட்ட பகுதியைத் தனக்கே சொல்லப்பட்டதாக ஏற்றுக்கொண்டார். அவராவது பழங்காலத்தவர். ஜெர்மானிய இறையியலாளரான போன்ஹோஃபர், போர் மூளப்போகும் 1939-இல் அமெரிக்காவில் பாதுகாப்பாக இருந்தார். "மாரிகாலத்துக்குமுன் நீ வந்துசேரும்படி ஜாக்கிரதைப்படு" என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய வரி ஜூன் 26 அன்று அவர் கண்ணில் பட்டது. பவுல் அழைத்தது தன் சிறைச்சாலைக்கு. ஜெர்மனிக்கும் அதற்கும் என்ன தொடர்பு? ஆயினும் அதைத் தனக்குச் சொல்லப்பட்டதாக எடுத்துக்கொண்டால் அது வேதத்தைத் தவறாகப் பயன்படுத்துவதாகாது என்று அவர் நாட்குறிப்பில் எழுதினார், ஜூலையில் கப்பலேறினார். வேதத்தை முறையாகக் கற்ற அவரையும் குறி கேட்டவர் என்பீர்களா?

தாபோர்:
மாட்டேன், அவர் என் பக்கத்துச் சாட்சி. திரும்பிப் போவதென்று அவர் ஜூன் 20-ஆம் தேதியே முடிவு செய்திருந்தார். அந்த வசனம் அவருக்குப் பாதுகாப்பை வாக்களிக்கவில்லை, ஆபத்துக்குள் அழைத்தது. 1945 ஏப்ரலில் நாஜிகளின் ஃப்ளாசன்பர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். நமக்கு வசதியானதையே எப்போதும் சொல்லும் வசனத்தைத்தான் நான் சந்தேகிக்கிறேன்.

எம்மாவூர் வழிப்போக்கன்:
அப்படியானால் கடினமானது மட்டுமே தேவசத்தம், ஆறுதல் எல்லாம் ஏமாற்று என்றாகிவிடும். "என் ஜனத்தை ஆற்றுங்கள், தேற்றுங்கள்" என்று ஏசாயாவின் 40-ஆம் அதிகாரம் தொடங்குவதும் அதே பாபிலோன் சிறையிருப்பை நோக்கித்தானே!

கீதரோன்:
இருவரும் 1527-ஐ விட்டுவிட்டீர்கள். ஜெர்மனியின் விட்டன்பர்க்கில் கொள்ளைநோய் பரவியபோது பல்கலைக்கழகமே யேனாவுக்கு இடம்பெயர்ந்தது. திருச்சபைச் சீர்திருத்தவாதி லூத்தர் போகாமல் நோயாளிகளோடு தங்கினார். மருந்து சாப்பிட வேண்டும், வீட்டைப் புகையிட்டுச் சுத்தப்படுத்த வேண்டும், தேவையற்ற இடங்களுக்குப் போகக் கூடாது, ஆனால் அயலானுக்குத் தேவைப்பட்டால் தயங்காமல் போக வேண்டும் என்று அப்போது எழுதினார். கொரோனா நாட்களில் நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஓயாமல் சுற்றிய 91-ஆம் சங்கீதத்தை அவரும் அதில் எடுத்தாள்கிறார், நோயாளியைப் பராமரிக்கப் போகிறவருக்குத் துணிவூட்டும் விதமாக. முகக்கவசம் வேண்டாம் என்பதற்கு அதே சங்கீதத்தைக் காட்டியவர்களோடு நான் வாதிட்டுச் சலித்திருக்கிறேன்.

தாபோர்:
பிசாசும் இயேசுவிடம் அந்தச் சங்கீதத்தைத்தான் மேற்கோள் காட்டினான். படுக்கையில் இருப்பவர் கேட்டால் நானும் அதை வாசிப்பேன்; ஆனால் "ஆபத்தில் நானே அவனோடிருந்து" என்ற 15-ஆம் வசனத்தில் நிறுத்தி, ஆபத்தே வராது என்று இங்கே எழுதப்படவில்லை என்று சொல்வேன்.

எம்மாவூர் வழிப்போக்கன்:
அந்த வசனம் "அவனைத் தப்புவித்து" என்று தொடர்கிறது. வசனத்தைப் பாதியில் வெட்டக் கூடாது என்று இந்த விவாதத்தைத் தொடங்கியவர் நீங்கள்தான்.