19 நாள் கோழிக் குஞ்சுகள்: ஐந்துக்கு மட்டும் முதுகில் இறகு வரவில்லை. உதவுங்கள்

கேள்வி
வணக்கம். என்னிடம் பன்னிரண்டு குஞ்சுகள், பொரித்து இன்றோடு 19 நாள். ஏழுக்குச் சிறகும் வாலும் வந்து, தோளிலும் இறகு படர்கிறது. மீதி ஐந்துக்கு முதுகு வெறும் தோலாக இருக்கிறது. இரை எடுக்கின்றன, நன்றாக ஓடுகின்றன. ஆனால் நேற்று ஒன்றின் வாலடியில் இரத்தம் பார்த்தேன். இரவெல்லாம் தூக்கமே இல்லை. 100 வாட் குண்டு பல்பு இரவு பகலாக எரிகிறது. குஞ்சுத் தீவனம் பத்தாம் நாளே தீர்ந்துவிட்டதால் குருணைதான் போடுகிறேன். இது நோயா?

பதில் 1
செள்ளாக இருக்கும். பூச்சிப் பொடி தூவிவிடுங்கள்.

பதில் 2
பூச்சியைக் கண்ணால் பார்க்காமல் பொடி தூவ வேண்டாம், தயவுசெய்து. இது பச்சைக் குஞ்சு, பொடியை மூச்சோடு இழுத்துவிடும்.

முதலில் இரத்தம் வந்த குஞ்சைத் தனியே எடுங்கள். வளரும் இறகின் தண்டுக்குள் இரத்தம் ஓடும். அது ஒடிந்தால் கசியும். சிவப்பைக் கண்டால் மற்றவை விடாமல் கொத்தும். சுத்தமான துணியால் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும்.

பிறகு வெறும் முதுகுள்ள ஒரு குஞ்சை வெளிச்சத்தில் பிடித்து, தூவியை (பிறந்தபோது இருக்கும் மென்மயிரை) எதிர்ப்பக்கமாக ஊதிப் பாருங்கள். குண்டூசி முனைபோல் நீலம் பாய்ந்த முளைகள் தெரிந்தால் இறகு வந்துகொண்டிருக்கிறது. ஒடிந்த இறகுக் கட்டைகளும் காய்ந்த இரத்தமும் இருந்தால் மற்றவை கொத்தியதுதான். என்ன தெரிகிறது?

கேள்வி கேட்டவர்
பார்த்தேன். நான்கில் முளை இருக்கிறது, ஆனால் மிகச் சிறியது. இரத்தம் வந்ததற்கு மட்டும் மூன்று கட்டைகள் ஒடிந்திருக்கின்றன. மற்றொன்று: குஞ்சுகள் பல்பின் அடியில் நிற்பதே இல்லை, ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வாயைத் திறந்து மூச்சு வாங்குகின்றன.

பதில் 2
அப்படியானால் சூடு அதிகம். முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ், பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைக்க வேண்டும். இப்போது 29 போதும். அதிகச் சூட்டில் இறகு மெதுவாகவே வளரும், எரிச்சலில் ஒன்றையொன்று கொத்துவதும் தொடங்கும். பல்பை உயர்த்துங்கள், இடத்தையும் அகலப்படுத்துங்கள்.

குருணையை மட்டும் போடுவதை இன்றே நிறுத்துங்கள். இறகு கிட்டத்தட்ட முழுவதுமே கெரட்டின் என்ற புரதம். அதற்குக் கந்தகமுள்ள அமினோ அமிலங்கள் வேண்டும், குறிப்பாக மெத்தியோனின். குஞ்சுத் தீவனத்தில் சுமார் 20 சதவீதம் புரதம் உண்டு, தானியத்தில் ஏறக்குறைய அதில் பாதிதான்.

பதில் 3
ஒரே தீவனம் தின்னும் ஏழுக்கு மட்டும் எப்படி வந்தது என்று யோசிப்பீர்கள். இறகு தாமதமாக வளரவைக்கும் மரபணு ஒன்று, சேவலா பெட்டையா என்பதோடு தொடர்புடைய Z குரோமோசோமில் இருக்கிறது. சேவலுக்கு இரண்டு Z, பெட்டைக்கு ஒன்று. சில வளர்ப்பினங்களில் முதல் நாளே சிறகைப் பார்த்துச் சேவல், பெட்டை பிரிப்பது இதை வைத்துத்தான். கலப்புக் குஞ்சுகளில் அதை நம்பி முடிவு கட்ட முடியாது. எப்படியும் சிறகு, வால், தோள், மார்பு என்று வந்து முதுகும் தலையும் பின்னால்தான் மூடும். முழுதும் மூட ஐந்தாறு வாரம் ஆகும்.

கேள்வி கேட்டவர்
பதினோரு நாள் கழித்து எழுதுகிறேன். தீவனம் மாற்றி, பல்பை உயர்த்தினேன். நான்கின் முதுகிலும் முளையின் உறை உதிர்ந்து இறகு விரிகிறது; வெள்ளைத் தூள் கை முழுக்க ஒட்டுகிறது. தனியே வைத்திருந்ததும் ஆறிவிட்டது. நேற்று மாலை மற்றவற்றோடு விட்டேன். இதுவரை எதுவும் கொத்தவில்லை.