பிக்சல் அனிமேஷன் எக்ஸ்போர்ட் செய்ததும் குழைந்துவிடுகிறது, வழி சொல்லுங்கள்

ஊசிமுனை:
வணக்கம். வேண்டுமென்றே கரடுமுரடாக, கட்டம் கட்டமாகத் தெரியும்படி சின்ன அனிமேஷன் ஒன்று வரைந்திருக்கிறேன். கேன்வாஸ் 160×90, வினாடிக்கு 12 ஃபிரேம். கழுத்தில் சிவப்புத் துண்டு கட்டிய நரி நடந்து போகிறது, அவ்வளவுதான் கதை. வரையும் மென்பொருளில் ஒவ்வொரு கட்டமும் வெட்டி ஒட்டியதுபோலத் துல்லியமாக இருக்கிறது. எம்பி4 ஆக்கி, எடிட்டிங் மென்பொருளில் 1920×1080க்குப் பெரிதாக்கினால் ஈரத்தாளில் பட்ட மைபோல ஊறிவிடுகிறது. துண்டின் சிவப்பு பழுப்பாகி நரியின் உடம்போடு கலந்துவிட்டது. நடையிலும் ஏதோ நொண்டல். பிட்ரேட்டை (வினாடிக்குச் செலவாகும் தரவின் அளவை) மூன்று மடங்கு ஏற்றிப் பார்த்தேன், கோப்புதான் பெருத்தது.

சதுரவண்டு:
பிட்ரேட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெரிதாக்கும்போது மென்பொருள் பக்கத்துப் பிக்சல்களைக் கலந்து நடுவே புது நிறம் போடுகிறது. பைலீனியர், பைக்யூபிக் எல்லாம் செய்வது அதைத்தான். புகைப்படத்துக்குச் சரி, உங்கள் நரிக்கு ஆகாது. ஸ்கேலிங் அமைப்பில் ‘நியரஸ்ட் நெய்பர்’ தேர்ந்தெடுங்கள், அது நிறத்தைக் கலக்காமல் அருகிலுள்ள பிக்சலை அப்படியே நகலெடுக்கும். பெருக்கம் முழு எண்ணாக இருக்க வேண்டும். உங்களுக்கு 12 மடங்கு, மிச்சமில்லாமல் வருகிறது.

ஊசிமுனை:
மாற்றினேன். விளிம்பு கூர்மையாகிவிட்டது. துண்டு மட்டும் இன்னும் அழுக்காகவே இருக்கிறது. ஒரே பிக்சல் தடிமன் உள்ள கோடு அது. நொண்டலும் போகவில்லை.

இரவுவிளக்கு:
நீங்கள் செய்யும் வரிசை தவறு. 160×90 அளவிலேயே எம்பி4 ஆக்கிவிட்டு, பிறகு பெரிதாக்குகிறீர்கள் அல்லவா? எச்.264 என்ற சுருக்க முறையில் வரும் வழக்கமான எம்பி4 கோப்பில் நிறம் 4:2:0 முறையில் பதிவாகிறது. வெளிச்சம் பிக்சலுக்குப் பிக்சல் உண்டு. நிறமோ 2×2 பிக்சலுக்குச் சேர்த்து ஒன்றுதான். ஒற்றைப் பிக்சல் துண்டு தன் சிவப்பை நரியின் உடம்போடு பங்கு போட்டுக்கொள்கிறது. அங்கே போன நிறம் பிறகு எவ்வளவு பெரிதாக்கினாலும் திரும்பாது.

பிஎன்ஜி வரிசையாக, அதாவது ஃபிரேமுக்கு ஒரு பிஎன்ஜி படமாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அதைப் பெரிதாக்குங்கள். கடைசியில்தான் வீடியோ. அப்போது உங்கள் ஒரு பிக்சல் என்பது 12×12 கட்டம். 2×2 பங்கீடு அதற்குள்ளேயே அடங்கிவிடும். கட்டளை கொடுத்து வீடியோ மாற்றும் எஃப்எஃப்எம்பெக் பழக்கமிருந்தால் ஸ்கேல் ஃபில்டருக்கு ‘நெய்பர்’ என்று ஃபிளாக் கொடுங்கள், பெரிதாக்குவதும் வீடியோவாக்குவதும் ஒரே கட்டளையில் முடிந்துவிடும்.

எடிட்டிங் மென்பொருளில் டைம்லைன் வினாடிக்கு 30 ஃபிரேமில் இருக்கிறதா? 12ஐ அதில் திணித்தால் ஒரு படம் 2 ஃபிரேம் நிற்கும், அடுத்தது 3. நொண்டல் அதனால்தான். 24இல் வையுங்கள், எல்லாப் படமும் இரண்டிரண்டாக நிற்கும்.

சதுரவண்டு:
4:2:0 எனக்குத் தோன்றவே இல்லை. நிறத்தையும் பிக்சலுக்குப் பிக்சல் வைக்கும் 4:4:4 என்றும் ஒரு முறை உண்டு, ஆனால் பல பிளேயர்களில் ஓடாது. அந்தப் பக்கம் போகாதீர்கள். இன்னொன்று, பார்ப்பவர் தரத்தை 480 பிக்சல் உயரத்துக்குக் குறைத்தால் கட்டங்களின் ஓரம் கொஞ்சம் மங்கத்தான் செய்யும், 90ஆல் அது வகுபடாது. 360, 720 இரண்டும் வகுபடும்.

ஊசிமுனை:
சிவப்பு வந்துவிட்டது! டைம்லைன் 30தான், நான் கவனிக்கவே இல்லை. இப்போது நரி ஒழுங்காக நடக்கிறது. இதையே ஜிஃப் ஆக்கினால் வானம் முழுக்க எறும்பு ஊர்வதுபோலப் புள்ளிகள். மொத்தமே 14 நிறம்தான் போட்டிருக்கிறேன், ஏன் இப்படி?

இரவுவிளக்கு:
டிதரிங். ஜிஃபில் ஒரு ஃபிரேமுக்கு 256 நிறம் வரை இடமுண்டு, உங்கள் 14 தாராளமாக அடங்கும். ஆனால் மென்பொருள் தன்னிடமுள்ள பொதுப் பேலட்டை (நிறப் பட்டியலை) எடுத்துக்கொண்டு, அதில் இல்லாத நிறத்தைப் புள்ளி தூவி ஒப்பேற்றுகிறது. பேலட்டை உங்கள் படத்திலிருந்தே எடுக்கச் சொல்லி, டிதரிங்கை அணைத்துவிடுங்கள். எம்பி4இலிருந்து ஜிஃப் செய்யாதீர்கள், பிஎன்ஜியிலிருந்தே செய்யுங்கள். ஜிஃபில் ஃபிரேம் நேரம் வினாடியில் நூறில் ஒரு பங்காக, முழு எண்ணில்தான் வைக்க முடியும். உங்களுக்கு 8.33 வேண்டும்; 8 வைத்தால் வினாடிக்கு 12.5 ஃபிரேம் ஆகும், நரி சற்று வேகமாக நடக்கும்.

ஊசிமுனை:
நடக்கட்டும். எறும்பு போய்விட்டது.