பழைய பர்மா தேக்குக்கு எந்தத் திக்னஸ் பிளேனர்?

இலுப்பைமரம்:
வணக்கம். காரைக்குடியில் பிரித்த வீட்டு மரம் விற்கிற கடையில் பர்மா தேக்குப் பலகைகள் கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறேன். அகலம் 8 முதல் 11 அங்குலம், கனம் ஒன்றேகால். சிலது லேசாக முறுக்கியிருக்கிறது. சாப்பாட்டு மேசை ஒன்றும் ஊஞ்சல் பலகை ஒன்றும் செய்ய ஆசை. கார் நிறுத்தும் இடம்தான் பட்டறை, சிங்கிள் ஃபேஸ் கரண்ட். பலகையை ஒரே கனத்துக்குச் சீவும் திக்னஸ் பிளேனர் மெஷின் ஒன்று வாங்க வேண்டும். மக்கீட்டா 2012என்பி பார்த்தேன். அமெரிக்காவில் இருக்கும் மச்சான் டிவால்ட் 735 வாங்கி வரட்டுமா என்கிறார். இன்னும் காசு சேர்த்தால் உள்ளூர் வார்ப்பிரும்பு மெஷினே வாங்கலாம் என்கிறார் மரக்கடைக்காரர். எதை எடுக்கலாம்?

பீளமேட்டுக்காரன்:
தம்பி, மெஷின் அப்புறம். முறுக்கின பலகைன்னு சொன்னீங்களே, அதை முதல்ல பார்ப்போம். கோயமுத்தூர்ல பவுண்டரிகளுக்கு மரப் பேட்டர்ன் செஞ்சே தலை நரைச்ச ஆளு நான். திக்னஸ் பிளேனர் பலகையை நேராக்காதுங்க. அடிமுகம் எப்படி இருக்கோ அதே வாட்டத்துல மேல்முகத்தைச் சீவும், அவ்வளவுதான். ரோலர் அமுக்கி இழுக்கிறப்போ வளைவு படிஞ்சு போகும். வெளியே வந்ததும் பழையபடி எழும்பிக்கும். கனம் ஒரே சீரா இருக்கும், பலகை மட்டும் முறுக்கிட்டே கிடக்கும்.

அதனால ஒரு முகத்தை இழைப்புளியில சரி பண்ணிக்கோங்க. ரெண்டு முனையிலயும் நேரான குச்சியைக் குறுக்க வச்சு, குனிஞ்சு ஒத்தைக் கண்ணால பார்த்தா எந்த மூலை தூக்கியிருக்குன்னு தெரிஞ்சுடும். அந்த மூலையை மட்டும் எடுங்க. நடுவுல பள்ளம் இருந்தா இருக்கட்டும், பலகை ஆடாம உட்கார்ந்தா போதும். அந்த முகத்தைக் கீழ வச்சு மெஷின்ல விடுங்க, மேல்முகம் நேரானதும் திருப்பிப் போடுங்க. இழைப்புளி கைக்கு வராதுன்னா, நேரான பிளைவுட் மேல பலகையை வச்சு, ஆடுற இடத்துல ஆப்பு கொடுத்து ஒட்டி, பிளைவுட்டோட சேர்த்தே உள்ள விடலாம்.

இப்போ மெஷின். 735 நல்ல மெஷின், மறுக்கலை. 13 அங்குலம், மூணு பிளேடு, ரெண்டு வேகம், சீவலை வெளிய தள்ள உள்ளேயே காத்தாடி. ஆனா அங்க விக்கிறது 120 வோல்ட், 15 ஆம்ப். இங்க ஓட்ட, வோல்ட்டைக் குறைக்கிற 3 கேவிஏ ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் தேடணும். எடை 42 கிலோ பக்கம். விமானத்துல ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டினா ஏத்த மாட்டாங்க. மச்சான்கிட்ட நல்ல உளி செட்டு கேளுங்க.

மக்கீட்டா 12 அங்குலம், 28 கிலோ, 1650 வாட். உங்க 11 அங்குலப் பலகை நுழையும். நம்ம வோல்ட்டுக்கே கிடைக்குது, 16 ஆம்ப் பாயிண்ட் போதும். மெல்லிசு ஒயர் எக்ஸ்டென்ஷன்ல மட்டும் மாட்டாதீங்க. பிளேடு ரெண்டும் இருபக்கக் கூரு, ஒரு பக்கம் மழுங்கினா திருப்பிக்கலாம். பழைய தேக்குன்னா நான் மோட்டாரைவிட பிளேடைத்தான் பார்ப்பேன். தேக்குல சிலிக்கா உண்டு, கூரு சீக்கிரம் போயிடும். பிரிச்ச வீட்டு மரத்துல முறிஞ்ச ஆணி வேற. பழைய ஸ்பீக்கர் காந்தத்தை நூல்ல கட்டி ஒவ்வொரு பலகை மேலயும் ஓட்டிப் பாருங்க. சுண்ணாம்பு, மண் இருந்தா கம்பி பிரஷ்ஷால தேய்ச்சுடுங்க. மாத்து பிளேடு ஒரு செட் மெஷினோடயே வாங்கிடுங்க.

உள்ளூர் மெஷின்ல இண்டக்ஷன் மோட்டார், சத்தம் கம்மி, நாள் முழுக்க ஓடும். தினம் வேலை இருக்கிறவனுக்குச் சரி. உங்க வீட்டுல அது வந்தா கார் தெருவுக்குப் போகணும்.

திருச்சி மரத்தூள்:
ஒரு மேசைக்கும் ஊஞ்சலுக்கும் மெஷின் எதற்கு? மரவாடியில் கொடுத்தால் சீவித் தருவார்களே.

பீளமேட்டுக்காரன்:
புது மரம்னா நானும் அதைத்தான் சொல்வேன். பழைய மரத்தைப் பார்த்ததுமே பல மரவாடியில கையெடுத்துக் கும்பிட்டுடுவாங்க, ஆணி பயம். எடுத்துக்கிட்டாலும் முறுக்கோடயே சீவித் தந்துடுவாங்க, நின்னு பார்க்க அவங்களுக்கு ஏது நேரம்?

இலுப்பைமரம்:
நன்றி ஐயா. மக்கீட்டாவே எடுக்கிறேன். பலகையின் இரண்டு முனையிலும் பள்ளம் விழும் என்கிறார்களே? ஊஞ்சல் 20 அங்குல அகலம் வேண்டும், ஒட்டிவிட்டுச் சீவலாமா?

பீளமேட்டுக்காரன்:
20 அங்குலம் எப்படிங்க 12 அங்குல வாயில நுழையும்? ஒவ்வொரு பலகையையும் தனியா ஒரே கனத்துக்குச் சீவிட்டு அப்புறம் ஒட்டுங்க. மேசைக்கும் அதே கதைதான். ஒட்டின இடத்துல மயிரிழை ஏத்த இறக்கம் இருந்தா இழைப்புளியும் உப்புத்தாளும் பார்த்துக்கும்.

முனைப் பள்ளத்துக்கு, பலகை உள்ள போறப்பவும் வெளிய வர்றப்பவும் தொங்காம லேசாத் தூக்கிப் பிடிங்க. அப்பவும் கொஞ்சம் விழும், அதனால நீளத்தை முன்னாடியே அறுத்துடாதீங்க. முனைக்கு நாலு அங்குலம் கூடுதலா விட்டு, சீவினதுக்கு அப்புறம் அறுங்க. அகலப் பலகையில ஒரு தடவைக்கு அரை மில்லிக்கு மேல எடுக்க வேண்டாம். காதடைப்பான் போட்டுக்கோங்க, அந்த மோட்டார் போடுற கூச்சல்ல தெருவே எட்டிப் பார்க்கும். மத்தியானத் தூக்க நேரத்துல ஓட்டினா பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட நீங்கதான் பதில் சொல்லணும்.