வெடித்த மங்கல் கண்ணாடி, தலை லைட், வெள்ள இரவு: உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்

ஆரையூரான்:

2024 நவம்பர் கடைசி வெள்ளம் எல்லாருக்கும் நினைவிருக்கும், அதனால் மழைக் கதை வேண்டாம். ஆரையம்பதியில் எங்கள் வளவுக்குள் தண்ணீர் முழங்காலைத் தாண்டியதும் பெத்தாவை (பாட்டியை) முதுகில் ஏற்றிக்கொண்டு மெயின் ரோட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கினேன். தலையில் லைட். முன்னால் தெளிவான கண்ணாடிக்குப் பதில் மங்கல் மூடி உள்ளது, ஒளி பரவி வரும், அந்த மாதிரி. இரண்டு கிழமைக்கு முன் கிணற்றுக் கட்டில் விழுந்து அந்த மூடி குறுக்கே வெடித்திருந்தது. மயிரளவு வெடிப்பு, வெளிச்சம் வருகிறதுதானே என்று விட்டுவிட்டேன்.

ஒழுங்கை முடிகிற இடத்தில் தண்ணீருக்கு மேலே ஒரு கம்பி கிடந்தது. வெள்ளையாக, நேராக, இந்த வேலியிலிருந்து அந்த மதில் வரை. போஸ்டிலிருந்து கரண்ட் கம்பி அறுந்து விழுந்துவிட்டது என்றே நினைத்தேன். அப்படியே நின்றுவிட்டேன். பெத்தா கழுத்தைக் கட்டிப் பிடித்திருந்ததால் தலையைத் திருப்ப முடியவில்லை, கம்பியும் அசையாமல் கிடந்தது. "ஏன் மனே நிக்கிறாய்?" என்று பெத்தா கேட்கிறார், எனக்குப் பதில் வரவில்லை. பத்து நிமிடமாவது நின்றிருப்பேன், தண்ணீர் முழங்காலிலிருந்து தொடைக்கு வந்துவிட்டது. பின்னால் தம்பி கூப்பிட்டான். உடம்போடு சேர்த்துத் திரும்பினேன். கம்பியும் திரும்பியது. மதில் மேல் ஏறி, முருங்கை மரத்தில் வளைந்து, என்னோடு வந்தது.

கம்பியே இல்லை. மூடியின் வெடிப்புதான்.

நின்ற நேரத்தை நினைத்தால் வருத்தம்தான். ஆனால் மனதை அரிப்பது வேறு. அடுத்த வெள்ளத்தில் உண்மையாகவே ஒரு கம்பி கிடந்தால், "இது வெடிப்பு" என்று நினைத்து மிதித்துவிடுவேனோ? அந்த லைட் இன்னும் லாச்சிக்குள் கிடக்கிறது, மூடி தனியாக எங்கும் கிடைக்கவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி நடந்ததா?

நாவலடித் தோணி:

தம்பி, நீங்கள் நின்றது சரி. சந்தேகம் வந்தால் நிற்கத்தான் வேண்டும், அதற்காக வருத்தப்படாதீர்கள். மங்கலுக்குள்ளால் வருகிற ஒளி நாலா பக்கமும் சிதறி வரும், வெடிப்பின் இடைவெளிக்குள்ளால் வருவது சிதறாமல் நேரே வரும், அதுதான் கோடு.

எனக்கு நடந்தது வாவியில். நண்டு வலை தட்டும்போது தலை லைட்டின் நடுப்பொட்டு கண்ணைக் குத்துகிறது என்று, முன் கண்ணாடியைக் கழற்றி சாண்ட்பேப்பரால் வெளிப்பக்கம் நன்றாகத் தேய்த்துவிட்டேன். வீட்டில் பார்த்தால் அருமையான வெளிச்சம், பால் போல. அன்றிரவு தோணியில் முன்னால் மாமா என்னைப் பார்த்தபடி இருக்கிறார், நான் வலை இழுக்கிறேன், எல்லாம் நல்லது. மழை பிடித்தது. லைட்டின் முகத்தில் நாலு துளி விழுந்த அந்தக் கணமே வெளிச்சம் மாறிவிட்டது. பால் வெளிச்சம் போய் பழைய குத்தும் பொட்டு திரும்பி வந்து, நேரே மாமாவின் கண்ணில். அவர் கையைத் தூக்கி முகத்தை மறைத்தார், துடுப்பு போய்விட்டது. இருட்டில் துடுப்புத் தேடிய அரைமணி நேரத்தை எழுத வரவில்லை, மாமா அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

காரணம் மறுகாதான் விளங்கியது. தேய்த்த கண்ணாடி மங்குவது அதன் மேலுள்ள சின்னச் சின்னப் பள்ளம் மேட்டால். தண்ணீர் பள்ளத்தை நிரப்பிவிட்டால் கண்ணாடி பழையபடி தெளிந்துவிடும். குளியலறை ஜன்னலில் சொரசொரப்பான பக்கத்தில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், தெரியும். எண்ணெய்க் கை பட்டாலும் இதே கதைதான். ஆகவே தேய்ப்பதென்றால் உள்பக்கம் தேய்க்க வேண்டும், வெளிப்பக்கம் வழுவழுப்பாகவே இருக்கட்டும். நான் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

வயல்வாடி:

சம்மாந்துறையிலிருந்து எழுதுகிறேன். தோணிக்காரக் காக்கா சொல்வது தோணிக்குச் சரி. ஆனால் இதை வாசித்துவிட்டு வயற்காவலுக்குப் போகிற பிள்ளைகளும் கண்ணாடியைத் தேய்க்கத் தொடங்கினால் ஆள் போய்விடும், அதனால் சொல்கிறேன்.

பெரும்போகம், கதிர் முற்றுகிற நேரம். வாடியில் நானும் சாச்சாவின் மகனும். அவன் வாடிக்குள் வெளிச்சம் பரவ வேண்டும் என்று என்னுடைய பெரிய டோர்ச்சின் முகத்தில் மங்கல் செலோடேப்பை இரண்டு மடிப்பு ஒட்டிவிட்டான், எனக்குச் சொல்லவில்லை. இரவு ஒரு மணி இருக்கும், ஒரு சத்தம். நெல்லை அடியோடு பிடுங்கி, வேரில் உள்ள சேற்றைத் தன் காலில் அடித்து உதறுகிற சத்தம். பிடுங்கல், இரண்டு அடி, மறுகா மெல்லும் சத்தம். வாசித்தவர்களுக்கு அது என்னவென்று சொல்லத் தேவையில்லை. டோர்ச்சை அடித்தேன். வரம்பு தெரிகிறது, வாடியின் கால் தெரிகிறது, என் கால் விரல் கூடத் தெரிகிறது, அதற்கு அப்பால் சாம்பல் நிறத்தில் ஒரு சுவர். மற்ற நாளில் அந்த டோர்ச் வாய்க்கால் மேட்டையே காட்டும். அந்தச் சுவர் நகர்ந்தபோதுதான் அது யானையின் பக்கம் என்று விளங்கியது. காலையில் அடி வைத்து எண்ணினேன், 22 அடி.

நாங்கள் அசையாமல் இருந்தோம், அதுவும் போய்விட்டது. அதற்குப் பிறகு என் டோர்ச்சில் யாரையும் கை வைக்க விடுவதில்லை.

ஒளியைப் பரப்பினால் அது கூடுவதில்லை. உள்ளதையே பெரிய இடத்துக்குப் பங்கு போடுகிறோம், அதனால் தூரம் போய்விடும். வயலுக்கு இரண்டு லைட் வேண்டும். வாடிக்குள் பரவுகிற சின்னது ஒன்று, கையில் தூரம் அடிப்பது ஒன்று, ஒன்றை மற்றதாக மாற்ற வேண்டாம். இன்னொன்று, மழையிலும் பனியிலும் தலை லைட்டைப் பரப்பி அடித்தால் கண்ணுக்கு முன்னால் வெள்ளைத் திரை விழும், ஏனென்றால் லைட்டும் கண்ணும் பக்கத்தில், துளியில் பட்ட ஒளி நேரே கண்ணுக்கே திரும்புகிறது. கையில் எடுத்து இடுப்பளவில் பிடியுங்கள், திரை விலகிவிடும். வரம்பில் புடையன் பாம்பு கிடந்தாலும் தாழப் பிடித்த ஒளியில்தான் தெரியும், பக்கத்து வெளிச்சத்துக்கு அதன் நிழல் நீளமாக விழும், நெற்றியிலிருந்து அடித்தால் நிழலே இல்லை, வைக்கோலோடு வைக்கோலாகிவிடும். வெள்ளத்தில் நடந்த தம்பிக்கும் இதையே சொல்கிறேன்.

தையல் அறை:

யானைக் கதைக்குப் பிறகு என் கதை சின்னது, ஆனாலும் எழுதுகிறேன், மூன்று வருடத்துக்கு மேலாக மனதில் கிடக்கிறது. கல்முனையில் தைக்கிறேன். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய நாட்கள். ஒரு கல்யாணப் பிள்ளையின் சாறிச் சட்டை, கடும் நீலம், மறுநாள் கொடுக்க வேண்டும். தலை லைட்டில் ஊசியின் நிழல் துணியில் கறுப்பாக விழுந்து தையல் ஓட்டம் தெரியாது, அதனால் யோகட் கோப்பையின் அடியை வெட்டி லைட்டின் முகத்தில் மாட்டினேன். நிழல் கரைந்துவிட்டது. இரவு முழுக்கத் தைத்தேன், கண் நோகவே இல்லை.

விடிந்ததும் வாசலில் விரித்துப் பார்த்தால் இடது கைக்கு நீல நூல், வலது கைக்குக் கறுப்பு நூல். லைட்டில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தன. கை நடுங்கியது. பிரித்துத் திரும்பத் தைத்துக் கொடுத்தேன், அந்தப் பிள்ளைக்கு இன்றும் தெரியாது.

கோப்பையில் குற்றமில்லை. மங்கல் போட்டால் நிழல்தான் மெதுவாகும், எல்இடியில் இல்லாத நிறத்தை அது கொண்டுவராது. சில லைட்டுப் பெட்டிகளில் சிஆர்ஐ என்று ஒரு எண் போட்டிருப்பார்கள், நிறம் காட்டுவதில் வெயில் 100 என்றால் அதற்கு எவ்வளவு கிட்ட என்று. மலிவு லைட்டுகளில் 70 அளவில் இருக்கும். துணி, காயம், மீன் பார்க்கிறவர்கள் 90க்கு மேல் வாங்குங்கள்.

பற்றரிக் கடை:

வாழைச்சேனையில் திருத்தும் வேலை செய்கிறேன். என் அனுபவம் ஒன்றே ஒன்று. ஒரு தாத்தா வெடித்த லென்ஸை சுப்பர் குளூவால் ஒட்டி, உடனே மூடி, அடுத்த நாள் கொண்டுவந்தார். உள்பக்கம் முழுக்க வெண்ணிறப் படலம். "புகை பிடிச்சிட்டு தம்பி, துடைச்சுத் தா" என்கிறார். அது பசையின் ஆவி, மூடிய இடத்துக்குள் போக இடமில்லாமல் லென்ஸிலும் ரிப்ளெக்டரிலும் படிந்துவிட்டது. ரிப்ளெக்டரின் பளபளப்பைத் துடைத்தால் பூச்சே கையோடு வரும். அவர் மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய டோர்ச் அது. திருப்பிக் கொடுத்தபோது அவர் அதைத் துணியில் சுற்றிய விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதனால் ஆரையூரான் தம்பி, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஒட்டாதீர்கள். அப்படியே விட்டாலும் வெடிப்பு வழியாகத் தண்ணீர் போகும், லைட் செத்துவிடும். ஐஸ்கிறீம் டப்பாவின் மங்கல் மூடியில் பழைய லென்ஸை வைத்துக் கோடு போட்டு வெட்டுங்கள். அதை உள்ளே வைத்து முன்னால் தெளிவான கண்ணாடி போடுங்கள், மழைக்கும் பயமில்லை. கண்ணாடி ஒன்று கூடினால் ஒவ்வொரு பக்கத்திலும் ஏறத்தாழ 4 வீதம் ஒளி திரும்பிவிடும், இரண்டு பக்கத்துக்கும் 8, அது கண்ணுக்குத் தெரியாது. ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கன் கிறீஸ் தடவுங்கள், வஸ்லின் வேண்டாம், சில ரப்பர் அதில் ஊதிவிடும். லென்ஸ் அக்ரிலிக் என்றால் ஸ்பிரிட், சனிடைசர் படக் கூடாது, சிலந்தி வலை மாதிரி வெடிப்பு ஓடும், கொரோனா நேரத்தில் நிறையப் பார்த்தேன். டீட் உள்ள நுளம்பு மருந்து பூசிய கையாலும் தொடாதீர்கள், சில பிளாஸ்டிக்கை அது கரைக்கும். பெரிய டோர்ச்சின் முகத்தில் கறுப்புத் துணியோ கடதாசியோ ஒட்டினால் சூட்டில் கருகும். ஜன்னலுக்கு ஒட்டுகிற மங்கல் ஸ்டிக்கரும் நல்லது, டிசி-ஃபிக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, வட்டமாக வெட்டி ஒட்டலாம், வேண்டாவிட்டால் உரிக்கலாம். வயல்வாடிக் காக்காவுக்கும் அதுதான் வழி.

வயல்வாடி:

இல்லை தம்பி. அந்த நேரத்தில் உரித்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது. இரண்டு லைட் என்றுதான் சொன்னேன், அதில் மாற்றமில்லை.

ஆரையூரான்:

எல்லாருக்கும் நன்றி. ஐஸ்கிறீம் மூடியில் வெட்டி உள்ளே வைத்தேன், தெளிவான கண்ணாடியைப் பழைய டோர்ச் ஒன்றிலிருந்து எடுத்தேன், கிட்டத்தட்டச் சரியான அளவு, ஓரத்தைக் கொஞ்சம் தேய்க்க வேண்டியிருந்தது. கையில் பிடிக்கத் தூரம் அடிக்கும் சின்ன டோர்ச் ஒன்றும் வாங்கிவிட்டேன்.

நேற்று இரவு குசினிச் சுவரில் அடித்துப் பார்த்தேன். தலையை ஆட்டினேன், கோடு இல்லை. வாளித் தண்ணீரை லைட்டின் மேல் ஊற்றினேன், பிறகும் இல்லை. பெத்தா பாயில் இருந்தபடி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "கம்பி எங்க மனே?" என்று கேட்டார். பழைய மூடியை எடுத்து முன்னால் பிடித்தேன், கோடு விழுந்தது. எழும்பி வந்து சுவரில் அந்தக் கோட்டை விரலால் தொட்டார், கோடு அவர் விரல் மேல் ஏறியது. "இதுக்கா பயந்தோம்?" என்றார். பிறகு மூடியை என் கையிலிருந்து வாங்கி அடுப்புக்குப் பின்னால் வைத்துவிட்டார். தரமாட்டாராம்.